அட்மின் பர்மிஷன் இல்லாம இக்ஸ்டாக் ப்ராக்ஸி வழியா இக்ட்ராசில் மெஷ்க்குள்ள போறது: என்ன எர்ரர் வந்தா எங்க பாக்கணும்

கம்ப்யூட்டர் உங்களோடது இல்ல, சூடோ (அட்மினா கமாண்ட் ஓட்டுற அனுமதி) கிடையாது, விண்டோஸா இருந்தா எதைத் தொட்டாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது, ஆனா இக்ட்ராசில் மெஷ்ல, அதாவது மெஷின்கள் ஒண்ணோட ஒண்ணு கை கோத்து இன்டர்நெட் மேலயே கட்டிக்கிற தனி ஐபிவி6 நெட்வொர்க்ல, இருக்கிற உங்க இன்னொரு மெஷினுக்கு இங்கேந்து போயாகணும். வழக்கமான இக்ட்ராசில் இங்க ஆகாது. அது டன் இன்டர்ஃபேஸ் (சாஃப்ட்வேர்லயே செஞ்ச நெட்வொர்க் கார்டு) ஒண்ணு உருவாக்கி, மெஷ் அட்ரஸ் எல்லாம் இருக்கிற 200::/7 ரேஞ்சை மொத்தமா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ரவுட்டிங்ல சேக்கணும், அதுக்கு ரூட், அதாவது அட்மின் உரிமை வேணும். இந்த மாதிரி இடத்துக்குன்னே இருக்கிறதுதான் இக்ஸ்டாக். அதே மெஷ் கோட், அதே எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன், ஆனா டிசிபி ஐபி வேலையெல்லாம் ஜிவைசர்ங்கிற கூகுள் ப்ராஜெக்ட்டோட நெட்வொர்க் ஸ்டாக்கை வச்சு ப்ராசஸுக்குள்ளயே முடிச்சுக்குது, வெளில ஒரு சாக்ஸ்5 ப்ராக்ஸியை (மத்த ப்ரோகிராமோட கனெக்ஷனை வாங்கி அனுப்புற இடைத்தரகர்) மட்டும் நீட்டுது.

இதுல ஒண்ணு மட்டும் மண்டைல ஏறிடுச்சுன்னா பாதி குழப்பம் வராது: மெஷ்னு ஒண்ணு இருக்கிறதே உங்க ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது. அந்த ப்ராசஸுக்கு மட்டும்தான் தெரியும். அதனால எது கெட்டுப்போனாலும் மூணு இடத்துல ஒண்ணுலதான் கெட்டிருக்கும். ஒண்ணு, இக்ஸ்டாக் வெளில இருக்கிற பியரை, அதாவது மெஷ்க்குள்ள நுழைய நேரா கனெக்ட் ஆகுற இன்னொரு மெஷினைப் பிடிக்கிற இடம். ரெண்டு, உங்க ப்ரோகிராம் இக்ஸ்டாக்கோட ப்ராக்ஸிக்கு வர்ற இடம். மூணு, அந்தப் பக்கம் இருக்கிற மெஷின். எந்த இடம்னு தெரியாம கான்ஃபிக்கை மாத்தி மாத்திப் போட்டா நேரம்தான் போகும்.

ஓட்டுற முறை இதுதான். ஜென்கான்ஃப் ஆப்ஷன் போட்டு ஒரு தடவை ஓட்டி அது துப்புறதை ஒரு ஃபைல்ல சேவ் பண்ணிக்கோங்க, அந்த ஃபைல்ல பியர்ஸ் பகுதில ரெண்டு மூணு பியர் போடுங்க, பிறகு யூஸ்கான்ஃப்ஃபைல் ஆப்ஷன்ல அந்த ஃபைலையும் சாக்ஸ் ஆப்ஷன்ல 127.0.0.1:1080-ஐயும் குடுத்து ஓட்டுங்க. ஃபைலுக்கு 600 பர்மிஷன் (நீங்க மட்டும் படிக்க, எழுத) போட்டுடுங்க, உங்க ப்ரைவேட் கீ அதுலதான் இருக்கு. ஆபீஸ், காலேஜ் மெஷின்னா இதெல்லாம் ஓட்டலாமான்னு அங்க இருக்கிற ரூலைப் பாத்துக்கோங்க, அட்மின் இல்லாம முடியுதுங்கிறதும் அனுமதி இருக்குங்கிறதும் ஒண்ணு இல்ல.

பைனரியே ஓட மாட்டேங்குது

பர்மிஷன் டினைட்னு வருது, சிஎச்மாட் போட்டு எக்ஸிக்யூட் பிட் குடுத்தும் அதேதான் வருதுன்னா, அந்த ஃபோல்டர் இருக்கிற பார்ட்டிஷனை நோஎக்ஸெக்னு, அதாவது அங்கேந்து எந்த ப்ரோகிராமும் ஓடாதபடி மவுண்ட் பண்ணிருப்பாங்க. மவுண்ட் கமாண்ட் அடிச்சு வர்ற லிஸ்ட்ல நோஎக்ஸெக்னு தேடிப் பாருங்க, ஹோம் அப்படி இருந்தா டெம்ப் ஃபோல்டர், அதுவும் அப்படின்னா உங்களுக்கு எழுத அனுமதி இருக்கிற வேற எதாவது இடம். எல்லாமே நோஎக்ஸெக்னா அந்த அட்மின் வேணும்னேதான் பூட்டியிருக்காரு, அவர்கிட்டயே கேட்டுடுறது நல்லது.

எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்னா வேற ஆர்க்கிடெக்சர் பைனரி எடுத்திருக்கீங்க. யூநேம் ஹைஃபன் எம் அடிச்சா எக்ஸ்86 64-ஆ, ஆர்ம் 64-ஆன்னு சொல்லிடும். ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) வெர்ஷன் கிடைக்கலன்னு திட்டினா, புது மெஷின்ல கம்பைல் பண்ணினதைப் பழைய மெஷின்ல ஓட்டப் பாக்குறீங்கன்னு அர்த்தம், சிகோவை (கோ மொழி ப்ரோகிராம்ல சி கோடைச் சேக்கிற வசதி) ஆஃப் பண்ணி, அதாவது சிகோ எனேபிள்டை 0-ன்னு வச்சு, திரும்ப பில்ட் பண்ணினா எந்த லினக்ஸ்லயும் ஓடுற மாதிரி ஒத்த பைனரியா வந்துடும். கோ கம்பைலருக்கும் ரூட் வேண்டியதில்ல, டார் ஃபைலை ஹோம்லயே பிரிச்சு வச்சு அங்கேந்தே கூப்பிடலாம்.

மேக்ல டவுன்லோட் பண்ணினதைத் தொறக்க விடாம க்வாரன்டைன்ல போட்டிருந்தா எக்ஸ்ஆட்டர் கமாண்டால அந்தக் குறியை நீங்களே எடுத்துடலாம், உங்க சொந்த ஃபைல்தானே. விண்டோஸ்ல பாலிசி போட்டு எக்ஸ்இ-யையே தடுத்திருந்தா அதுக்கு மேல இதுல வழி சொல்ல எதுவும் இல்ல.

ஸ்டார்ட் ஆகுது, உடனே செத்துப்போகுது

கடைசி ரெண்டு மூணு லாக் வரிலயே காரணம் இருக்கும், படிங்க.

அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்னா 1080 போர்ட்டை வேற ஏதோ பிடிச்சு வச்சிருக்கு. பெரும்பாலும் அது நீங்களே முன்னாடி ஓட்டி மறந்த இன்னொரு இக்ஸ்டாக்கா இருக்கும், இல்லன்னா எஸ்எஸ்எச்ல டைனமிக் ஃபார்வேர்ட் (அதுவும் ஒரு சாக்ஸ் ப்ராக்ஸிதான்) போட்டது, அதுக்கும் எல்லாரும் வழக்கமா 1080தான் வைப்பாங்க. எஸ்எஸ் கமாண்டை லிஸனிங் போர்ட் மட்டும் காட்டச் சொல்லி அடிச்சுப் பாத்துட்டு வேற நம்பர் போடுங்க, ஆனா 1024-க்கு கீழ போகாதீங்க, லினக்ஸ்ல வழக்கமா அதெல்லாம் ரூட்டுக்கு மட்டும்தான். அதுலயும் ஷேர்ட் மெஷின்ல 1080-ஐ வச்சிருக்கிறது வேற ஒரு ஆளோட ப்ராக்ஸியா இருக்கலாம், அப்ப உங்க ப்ராக்ஸி ஸ்டார்ட் ஆகாததைக் கவனிக்காம அவர் ப்ராக்ஸி வழியா போயிட்டு ஏன் வரலன்னு குழம்பிட்டு இருப்பீங்க.

வார் ரன் (/var/run) ஃபோல்டர் பேர் வந்து பர்மிஷன் டினைட்னு சொன்னா அது அட்மின் சாக்கெட், ஓடிட்டிருக்கிற இக்ஸ்டாக்கை நிலவரம் கேக்குற வாசல். லினக்ஸ்ல டிஃபால்ட்டா அது ரூட்டுக்கு மட்டும் எழுத முடியுற இடத்துல உருவாக்கப் பாக்கும். கான்ஃபிக்ல அட்மின்லிஸனை நன் (none)-னு மாத்திடுங்க, இல்ல லோக்கல்ஹோஸ்ட்ல ஒரு டிசிபி போர்ட்டுக்கு மாத்துங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா பியர் நிலவரம் பாக்க அது கண்டிப்பா தேவைப்படும். என்ன, ஷேர்ட் மெஷின்ல அந்த போர்ட்டை மத்த யூசரும் தொட முடியும், அதனால அங்க உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு யூனிக்ஸ் சாக்கெட் (போர்ட்டுக்குப் பதிலா ஃபைல் மாதிரி இருக்கிற வாசல்) பாத் குடுக்கிறது இன்னும் நல்லது.

டன் உருவாக்க முடியலன்னு எர்ரர் வந்தா நீங்க ஓட்டுறது இக்ஸ்டாக்கே இல்ல, சாதாரண இக்ட்ராசில். அதோட கான்ஃபிக்ல இஃப்நேமை நன் (none)-னு போட்டா ரூட் இல்லாம ஓடத்தான் செய்யும், ஆனா அப்ப அது மத்தவங்க பாக்கெட்டைக் கடத்திவிடுற வெறும் ரவுட்டர், உங்க ப்ரோகிராம் உள்ள போறதுக்கு அதுல வாசலே கிடையாது. ஓடுது, பியரும் இருக்கு, ஒண்ணுமே தொறக்கலன்னு முழிக்கிறவங்கள்ல பல பேர் இங்கதான் நிக்கிறாங்க.

விண்டோஸ்ல ஃபயர்வால் பாப்அப் வந்து அட்மின் கேட்டா கேன்சல் பண்ணிடுங்க. அது வெளிலேந்து உள்ள வர்ற கனெக்ஷனுக்கு மட்டும் கேக்குறது, நீங்க வெளில பியரைப் பிடிக்கிறதை அது தடுக்காது. சாக்ஸை 127.0.0.1-ல மட்டும் வச்சு, மல்டிகாஸ்ட்இன்டர்ஃபேஸஸையும் (பக்கத்து மெஷினைத் தானா தேடுற செட்டிங்) காலி பண்ணிட்டா பாப்அப் வர்றதுக்கே காரணம் இருக்காது.

ஓடுது, ஆனா பியர் ஒண்ணும் அப் ஆகல

அதிகமா மாட்டிக்கிற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா. இக்ட்ராசில் கூடவே வர்ற கன்ட்ரோல் கமாண்டை எண்ட்பாயின்ட் ஆப்ஷன்ல உங்க அட்மின் அட்ரஸ் குடுத்து கெட்பியர்ஸ்னு கேளுங்க. ஒவ்வொரு பியரும் அப்பா டவுனா, கடைசியா வந்த எர்ரர் என்னன்னு டேபிளா காட்டும். அந்த எர்ரர் காலம்தான் முக்கியம், அதைப் பாக்காம பியரை மட்டும் மாத்திட்டே இருக்காதீங்க.

லிஸ்ட்டே காலியா? அப்ப பியர்ஸ் பகுதில நீங்க எதுவும் போடல, இல்ல வேற கான்ஃபிக் ஃபைலைக் குடுத்து ஓட்டிட்டிருக்கீங்க. புதுசா உருவான கான்ஃபிக்ல பியர் எதுவும் இருக்காது, நாமதான் போடணும். பப்ளிக் பியர் லிஸ்ட்டை கண்டம் நாடு வாரியா பிரிச்சு வச்சிருக்காங்க, உங்களுக்குப் பக்கத்துல இருக்கிறதுல ரெண்டு மூணு எடுங்க போதும். பத்து இருபது பியரை அள்ளிப் போட்டா வேகம் வந்துடாது, மாறா எங்கயோ இருக்கிற பியர் வழியா சுத்திப் போற வாய்ப்புதான் கூடும்.

டைம்அவுட்னா வெளில போற போர்ட்டை ஃபயர்வால் முழுங்குது. பப்ளிக் பியர்ல நிறைய எதாவது அஞ்சு இலக்க போர்ட்ல இருக்கும், ஆனா கட்டுப்பாடான நெட்வொர்க்ல 80-உம் 443-உம் மட்டும்தான் வெளில விடுவாங்க. இதை உறுதி பண்ண இக்ஸ்டாக்கே வேண்டாம், நெட்கேட் வச்சு அந்த ஹோஸ்ட் போர்ட்டைத் தட்டிப் பாருங்க, விண்டோஸ்னா பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்ஷன் இருக்கு. அதுலயும் வரலன்னா 443-ல கேக்குற டிஎல்எஸ் பியரா தேடிப் போடுங்க. புது வெர்ஷன்கள்ல வெப்சாக்கெட் பியரும் உண்டு, டபிள்யூஎஸ்எஸ்னு ஆரம்பிக்கும், பாக்க சாதாரண வெப் ட்ராஃபிக் மாதிரியே போகும். க்விக் பியர் யுடிபில போறது, யுடிபியை அடைச்ச இடத்துல அதைப் போட்டா காத்துட்டே இருக்க வேண்டியதுதான்.

நெட்வொர்க் அன்ரீச்சபிள்னு உடனே வந்தா அந்தப் பியர் அட்ரஸ் ஐபிவி6, உங்க கனெக்ஷன்ல வெளில போற ஐபிவி6 இல்ல. மெஷ்க்குள்ள எல்லாம் ஐபிவி6தான், ஆனா பியரைப் பிடிக்க ஐபிவி4 தாராளமா போதும், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஐபிவி4 இருக்கிற பியரா பாத்து எடுங்க.

கனெக்ட் ஆகி ஒரு செகண்ட்ல அறுந்து மறுபடி கனெக்ட் ஆகி மறுபடி அறுந்துட்டே இருக்குன்னா முதல்ல வெர்ஷன். 2023-ல வந்த 0.5 அதுக்கு முந்தின 0.4-ஓட பேசாது, நெட்வொர்க்கே ரெண்டும் தனித்தனி. பழைய டுடோரியல் பாத்து பழைய பைனரி எடுத்தவங்களுக்கு இதுதான் நடக்கும், லாக்லயும் வெர்ஷன் பொருந்தலன்னு வரி வரும். வெர்ஷன் சரின்னா, பியர் உங்களோட சொந்த பியரா, அதுல பாஸ்வேர்ட் வச்சிருக்கீங்களான்னு பாருங்க, பாஸ்வேர்ட் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அந்தப் பக்கம் அலவ்ட்பப்ளிக்கீஸ்ல லிஸ்ட் போட்டிருந்தா அதுல உங்க பப்ளிக் கீ இருக்கணும். அட்ரஸுக்குப் பின்னாடி கீயைப் பின் பண்ணிருந்தா, அந்த பியர் ரீஇன்ஸ்டால் ஆகி கீ மாறினதும் கனெக்ஷன் நின்னுடும்.

இப்ப, வெளில போறதுக்கே ஒரு ப்ராக்ஸி வழியாத்தான் போகணும்ங்கிற நெட்வொர்க். இங்க ரெண்டு ப்ராக்ஸி வருது, ஒண்ணு நீங்க ஓட்டுற இக்ஸ்டாக், இன்னொண்ணு அந்த நெட்வொர்க்கோடது, லாக் படிக்கிறப்ப எது எதுன்னு தனியா பிரிச்சுப் பாருங்க. அந்த நெட்வொர்க் ப்ராக்ஸி சாக்ஸ் வகைன்னா வேலை சுலபம், பியர் அட்ரஸையே சாக்ஸ்னு ஆரம்பிச்சு முதல்ல ப்ராக்ஸி ஹோஸ்ட் போர்ட், ஒரு சாய்கோடு, அப்புறம் பியர் ஹோஸ்ட் போர்ட்னு எழுதினா அது வழியாவே பிடிச்சுக்கும். எச்டிடிபி ப்ராக்ஸின்னா நேரா போகாது, நடுவுல சோகேட் வேணும்: லோக்கல்ல ஒரு போர்ட்ல கேட்டு, ப்ராக்ஸி மோட்ல அந்த எச்டிடிபி ப்ராக்ஸிகிட்ட கனெக்ட் கேட்டு, பியர் வரைக்கும் குழாய் போட்டுக் குடுக்கும். பியர் அட்ரஸா 127.0.0.1-ல அந்த லோக்கல் போர்ட்டைக் குடுக்கணும். போர்ட் விஷயம் இங்கயும் உண்டு, ஸ்க்விட் மாதிரி ப்ராக்ஸிகளோட டிஃபால்ட் கான்ஃபிக் 443 தவிர வேற போர்ட்டுக்கு கனெக்டை விடாது, 403 வந்தா அதான் காரணம், 407 வந்தா யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குது.

பியர் அப், ஆனா பிங் போகல

இது பிரச்சனையே இல்ல. பிங் கமாண்ட் ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்ட வழி கேக்குது, அதுக்கு 200::/7-க்கு வழி தெரியாது, பெரும்பாலும் நெட்வொர்க் அன்ரீச்சபிள்னு சொல்லிடும். சாக்ஸ்5-ங்கிற 1996-ம் வருஷ ஸ்டாண்டர்ட்ல டிசிபி கனெக்ஷனும் யுடிபியும்தான் உண்டு, பிங் உபயோகிக்கிற ஐசிஎம்பிக்கு இடமே கிடையாது. ட்ரேஸ்ரவுட்டும் அப்படித்தான். ஐபி அட்ரஸ் காட்டுற கமாண்ட்ல உங்க மெஷ் அட்ரஸ் வராததும் இதனாலதான், கெட்செல்ஃப்னு கேட்டாத்தான் தெரியும். பிங்கை வச்சு டெஸ்ட் பண்ற பழக்கத்தை இங்க விட்டுடுங்க, கமாண்ட்லேந்தே வெப் அட்ரஸைத் தொறக்கிற கர்ல்தான் டெஸ்ட்.

கர்ல் போகுது, ப்ரவுசர் போகல. நம்பர் போகுது, பேர் போகல

ஐபிவி6 அட்ரஸை யூஆர்எல்ல எழுதுறப்ப சதுர அடைப்புக்குள்ள போடணும், [201:5:7::1] மாதிரி, போர்ட் இருந்தா அடைப்புக்கு வெளில. இந்த அட்ரஸ் சும்மா காட்டுறதுக்கு, இதுக்கு யாரும் கனெக்ட் பண்ணிப் பாக்காதீங்க. ஸெட் ஷெல்ல இதைக் கோட்ஸ் இல்லாம அடிச்சா நோ மேட்சஸ் ஃபவுண்ட்னு ஷெல்லே நிறுத்திடும், கர்ல் வரைக்கும் போறதே இல்ல, கோட்ஸ் போட்டுடுங்க.

பேர் விஷயத்துல கர்ல்ல ப்ராக்ஸியை சாக்ஸ்5-ன்னு குடுத்தா பேரை உங்க மெஷினே டிஎன்எஸ்ல தேடும், சாக்ஸ்5எச்-ன்னு குடுத்தா பேரை அப்படியே ப்ராக்ஸிகிட்ட தள்ளிவிட்டுடும். நமக்கு எப்பவும் எச் வேணும். அந்த ஒத்த எழுத்து இல்லாததால மெஷ் பேர் எல்லாம் உங்க நெட்வொர்க்கோட டிஎன்எஸ் சர்வருக்குப் போய் தோத்து வருது, போதாததுக்கு நீங்க எங்க போகப் பாக்குறீங்கன்னு அங்க பதிவும் ஆகுது. ஃபயர்ஃபாக்ஸ்ல இதுக்கு சமமானது ப்ராக்ஸி செட்டிங்ல இருக்கிற சாக்ஸ் வி5 உபயோகிக்கிறப்ப டிஎன்எஸையும் ப்ராக்ஸி பண்ணுங்கிற டிக். க்ரோம் சாக்ஸ்5 குடுத்தா தானா ப்ராக்ஸிலதான் பேரைக் கேக்கும்.

பேரை ப்ராக்ஸிகிட்ட தள்ளியாச்சு, இக்ஸ்டாக் யாரைக் கேக்கும்? அதுக்கு நேம்சர்வர் ஆப்ஷன்ல மெஷ்க்குள்ள இருக்கிற டிஎன்எஸ் சர்வர் அட்ரஸ் குடுத்திருக்கணும், போர்ட் 53-ஓட. குடுக்கலன்னா நம்பர் அட்ரஸ் வேலை செய்யும், சாதாரண டிஎன்எஸ் பேர் எல்லாம் விழும். ரெண்டு மூணு மெஷின்தான் உங்களுக்குன்னா டிஎன்எஸே வேண்டாம், அட்ரஸை புக்மார்க் பண்ணிட்டு போயிட்டே இருங்க. அட்ரஸ் பப்ளிக் கீலேந்து கணக்குப் போட்டு வர்றதுதானே, கீ மாறாத வரைக்கும் அட்ரஸும் மாறாது.

க்ரோம்ல ப்ராக்ஸி-சர்வர் ஆப்ஷன் குடுத்து தொறந்தும் பழைய மாதிரியே போகுதா? ஏற்கனவே ஒரு க்ரோம் தொறந்திருந்தா புது விண்டோ அந்தப் பழைய ப்ராசஸ்லயே போய் ஒட்டிக்கும், நீங்க குடுத்த ஆப்ஷன் காத்துல போயிடும். யூசர்-டேட்டா-டிர் ஆப்ஷன்ல ஒரு காலி ஃபோல்டர் குடுத்து தனியா தொறங்க. ஃபயர்ஃபாக்ஸ்லயும் மெஷ்க்குன்னு தனி ப்ரொஃபைல் வச்சுக்கிறதுதான் சவுகரியம், ஏன்னா இக்ஸ்டாக் மெஷ்க்கு மட்டும்தான் வழி, சாதாரண இன்டர்நெட் சைட்டெல்லாம் அது வழியா தொறக்காது, இன்டர்நெட்டே போச்சுன்னு பதற வேண்டாம். எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோடும் ஆஃப் பண்ணிடுங்க, மெஷ்ல இருக்கிற சைட் பெரும்பாலும் வெறும் எச்டிடிபிதான், என்க்ரிப்ஷனை நெட்வொர்க்கே பாத்துக்குது.

ப்ரவுசர் செட்டிங்கையே பாலிசி போட்டு பூட்டியிருந்தா இக்ஸ்டாக்கோட லோக்கல்-டிசிபி ஆப்ஷன் இருக்கு. எஸ்எஸ்எச்ல ஹைஃபன் எல் போடுற மாதிரியேதான், லோக்கல்ல ஒரு போர்ட்டை மெஷ்ல இருக்கிற ஒரு அட்ரஸ் போர்ட்டோட கட்டிடும், ப்ரவுசர்ல 127.0.0.1:8080-ன்னு அடிச்சா போதும், ப்ராக்ஸி செட்டிங்கைத் தொடவே வேண்டாம். ஒரே சர்வர்ல பல சைட் இருந்தா மட்டும் தப்பான சைட் வரும், ஏன்னா சர்வருக்குப் போற ஹோஸ்ட் பேர் 127.0.0.1-ன்னு போகுது.

ரெஃப்யூஸ்ட் வருதா, டைம்அவுட் ஆகுதா

ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க, நேர் எதிர். ரெஃப்யூஸ்ட் வந்தா சந்தோஷப்படுங்க, மெஷ் முழுக்க சரியா ஓடுது, பாக்கெட் அந்தப் பக்கம் போய் பதிலும் வந்திருக்கு, அந்த போர்ட்ல கேக்க ஆள் இல்ல, அவ்வளவுதான். அந்த மெஷின்ல சர்வீஸ் எந்த அட்ரஸ்ல கேக்குதுன்னு பாருங்க, 0.0.0.0-ன்னோ 127.0.0.1-ன்னோ இருந்தா அது ஐபிவி4 மட்டும், மெஷ்லேந்து வர்றது ஐபிவி6, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. சர்வீஸோட லிஸன் அட்ரஸை :: ஆக்குங்க. ஆனா ஒண்ணு: உங்க ப்ரோகிராம் 127.0.0.1:1080-க்கே ரெஃப்யூஸ்ட்னு சொன்னா அது வேற கதை, இக்ஸ்டாக் ஓடவே இல்ல.

கர்ல் சாக்ஸ் எர்ரர் குடுக்கிறப்ப கடைசில அடைப்புக்குள்ள ஒரு நம்பர் வரும், அது ப்ராக்ஸி சொன்ன பதில் கோட். 5-ன்னா ரெஃப்யூஸ்ட். 4-ன்னா ஹோஸ்ட்டை எட்ட முடியல. 4 பட்டுன்னு வந்தா பேர் கிடைக்கலையோன்னு முதல்ல சந்தேகப்படுங்க, ரொம்ப நேரம் இழுத்துட்டு வந்தா வழியே இல்ல, இல்ல அந்தப் பக்கம் ஃபயர்வால் சத்தமில்லாம முழுங்குது. முதல் தடவை மட்டும் இழுத்து ரெண்டாவது தடவை ஓடுறது சகஜம், வழியைத் தேடிக் கண்டுபிடிச்சு செஷன் போட கொஞ்சம் நேரம் எடுக்கும், அதுக்காக எதையும் மாத்தாதீங்க. எப்பவுமே டைம்அவுட்னா அந்த மெஷினுக்கு பியர் அப்பா இருக்கான்னு அந்தப் பக்கம் போய் பாக்கணும், உங்க பக்கம் எவ்வளவு நோண்டினாலும் ஆகாது.

எஸ்எஸ்எச்

எஸ்எஸ்எச்சோட ப்ராக்ஸிகமாண்ட் செட்டிங்ல நெட்கேட் போடணும், ஹைஃபன் பெரிய எக்ஸ் 5, ஹைஃபன் சின்ன எக்ஸ் 127.0.0.1:1080-ன்னு. இன்வேலிட் ஆப்ஷன்னு வந்தா உங்க நெட்கேட் ஓபன்பிஎஸ்டி வகை இல்ல, பழைய வகைகளுக்கு ப்ராக்ஸியே தெரியாது. என்மேப்போட வர்ற என்கேட் இருந்தா அதுல ப்ராக்ஸி-டைப், ப்ராக்ஸின்னு ரெண்டு ஆப்ஷன். விண்டோஸ்ல கிட் போட்டிருந்தா கூடவே கனெக்ட்னு ஒரு சின்ன எக்ஸ்இ வருது, அதுலயும் சாக்ஸ் உண்டு. எதுவுமே இல்லன்னா லோக்கல்-டிசிபில 2222-ஐ அந்த மெஷினோட 22-க்கு கட்டிட்டு லோக்கல்ஹோஸ்ட் 2222-க்கு எஸ்எஸ்எச் பண்ணுங்க. இதுல ஒரு தொல்லை, இன்னிக்கு 2222 ஒரு மெஷினுக்கு, நாளைக்கு வேற மெஷினுக்குன்னு மாத்தினா ஹோஸ்ட் கீ மாறிடுச்சுன்னு பெரிய எச்சரிக்கை வந்து கத்தும். பழைய ஹோஸ்ட் கீயெல்லாம் இருக்கிற நோன்ஹோஸ்ட்ஸ் ஃபைலை அழிக்காதீங்க, எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோஸ்ட்கீஅலையாஸ்ல தனித்தனி பேர் குடுத்துட்டா முடிஞ்சது.

மத்த ப்ரோகிராம் ப்ராக்ஸியை மதிக்கல

டபிள்யூகெட்டுக்கு சாக்ஸ் தெரியாது, கர்லுக்கு மாறிடுங்க. பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் சாக்ஸ் டிபென்டென்சி இல்லன்னு சொன்னா பைசாக்ஸை யூசர் மோட்ல பிப் இன்ஸ்டால் பண்ணுங்க, அங்கயும் சாக்ஸ்5எச்தான். கிட்டுக்கு எச்டிடிபி.ப்ராக்ஸி செட்டிங். ப்ராக்ஸிசெயின்ஸ் போட்டு எல்லாத்தையும் ஏமாத்திடலாம்னு தோணும், ஆனா அது லைப்ரரி ஃபங்ஷனை நடுவுல மறிக்கிற வித்தை, ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணினதுலயும் கோ மொழில எழுதினதுலயும் பெரும்பாலும் பலிக்காது. அந்த மாதிரி இடத்துல நான் யோசிக்காம லோக்கல்-டிசிபிக்குப் போயிடுவேன். யுடிபி வேணும்னா லோக்கல்-யுடிபி தனியா இருக்கு.

சில நேரம் வருது, சில நேரம் வரல. இல்ல அட்ரஸே மாறிட்டே இருக்கு

ஸ்டார்ட் பண்ற ஒவ்வொரு தடவையும் அட்ரஸ் புதுசா இருந்தா ஆட்டோகான்ஃப் ஆப்ஷன்ல ஓட்டுறீங்க, அது ஒவ்வொரு தடவையும் புது கீ போடும். கான்ஃபிக் ஃபைல் வச்சு ஓட்டுங்க.

விட்டு விட்டு வந்தா, ஒரே கீ ரெண்டு இடத்துல ஓடுதான்னு பாருங்க. லேப் மாதிரி இடத்துல ஹோம் ஃபோல்டர் நெட்வொர்க்ல இருக்கும், எந்த மெஷின்ல லாகின் பண்ணினாலும் அதே கான்ஃபிக் ஃபைல், ஒரு மெஷின்ல ஓட விட்டுட்டு அடுத்த மெஷின்லயும் ஓட்டினா ஒரே அட்ரஸ் ரெண்டு இடத்துல நிக்கும், வர்ற பாக்கெட் எதுக்குப் போகும்னு சொல்லவே முடியாது. மெஷின் பேரை ஃபைல் பேர்ல சேத்து மெஷினுக்கு ஒரு கான்ஃபிக்னு வச்சுக்கோங்க.

லாக்அவுட் பண்ணினதும் செத்துப்போனா டிமக்ஸ்குள்ள (டெர்மினலை மூடினாலும் உள்ள ஓடுறதை விடாம வச்சிருக்கிற ப்ரோகிராம்) ஓட்டுங்க, இல்ல சிஸ்டம்டி யூசர் சர்வீஸா போட்டு லிங்கர் (லாக்அவுட்டுக்கு அப்புறமும் ஓட விடுற செட்டிங்) ஆன் பண்ணுங்க. லிங்கர் ஆன் பண்ண சில மெஷின்ல அட்மின் கேக்கும், அப்ப டிமக்ஸ்தான்.

அங்கேந்து இந்த மெஷினுக்கு வரணும்

இக்ஸ்டாக் ஓட்டுற மெஷினுக்கு மெஷ் அட்ரஸ் இருந்தாலும் அதுல ஒரு போர்ட்டும் தானா தொறக்காது. ரிமோட்-டிசிபில மெஷ் பக்க போர்ட்டையும், அது லோக்கல்ல எங்க போகணும்ங்கிறதையும் குடுக்கணும். ப்ராசஸுக்குள்ள இருக்கிற போர்ட்ங்கிறதால 80, 22 எல்லாம்கூட ரூட் இல்லாம தொறக்கலாம். தொறந்ததும் அது உங்களுக்கு மட்டும் இல்ல, மெஷ்ல இருக்கிற யார் வேணா தட்டலாம். அலவ்ட்பப்ளிக்கீஸ் இதைத் தடுக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க, தடுக்காது, யாரெல்லாம் உங்களோட நேரா பியர் ஆகலாம்ங்கிறதை மட்டும்தான் அது பாக்குது. அதனால பாஸ்வேர்ட் இல்லாத டேட்டாபேஸ், நோட்புக் எதையும் அப்படியே தொறந்து விடாதீங்க.

இதே மாதிரி இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு. சாக்ஸ் ப்ராக்ஸில யூசர்நேம் பாஸ்வேர்ட் இல்ல, 127.0.0.1-ல வச்சாலும் அதே மெஷின்ல லாகின் ஆன எல்லாரும் அது வழியா உங்க அடையாளத்துல மெஷ்க்குள்ள போகலாம். ஷேர்ட் சர்வர்னா சாக்ஸ் ஆப்ஷன்ல போர்ட்டுக்குப் பதிலா ஒரு யூனிக்ஸ் சாக்கெட் பாத்தை, நீங்க மட்டும் நுழைய முடியுற ஃபோல்டருக்குள்ள குடுங்க. புது கர்ல் அதுல நேரா பேசும், பேசத் தெரியாத ப்ரோகிராமை அந்த மெஷின்ல ஓட்டாம உங்க சொந்த லேப்டாப்லேந்து ஓட்டிக்கோங்க.